மருந்துக் கிடங்குக்கு ஒரு வேட்டி

பக்கத்துக் குடிசை எரிந்த மாலையில் எங்கள் கூரைக்கு ஒன்றும் ஆகவில்லை. கொடியில் கிடந்த என் வெள்ளை வேட்டியில்தான் கரி இறங்கிவிட்டது. மறுநாள் காலை அதைக் கட்டிக்கொண்டு, டச்சு வெள்ளைக்காரர்களான உலாந்தாக்காரர்களின் மருந்துக் கிடங்கில் எழுத்து வேலைக்குப் போய் நிற்க வேண்டும். எங்கள் வீட்டில் எழுத்து படித்த முதல் ஆள் நான். புகை வாடையோடு வருகிறவனை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.

அவசரத்தில் ஈரக் கையால் தேய்த்தேன். கரி கோடு கோடாக இழுத்துக்கொண்டது. அம்மா வேட்டியைப் பிடுங்கினாள்.

"தண்ணி படறதுக்கு முன்னாடி ஒதறணும்டா. படிச்சவனாம்!"

கடலோடு கலக்கும் ஏரி, தண்ணீர் உப்பு. மணலில் தோண்டிய ஊற்று நீரில் துணி வெளுக்கும் உவர்மண்ணைக் கரைத்து ஊறவைத்து அலசினாள். கறுப்பு போனது, வாடை போகவில்லை. வலை காயும் கழியில் விரித்தோம்.

"கவுச்சி ஏறிக்கும்மா."

"ஏறுனா இன்னா? புகைதானே ஆவாதுன்ற?" என்று நைனா சிரித்தார்.

விடிந்து கண் விழித்தால் குடிசையெல்லாம் சாம்பிராணி. கனல் சட்டியின் மேல் என் வேட்டியை விரித்துப் பிடித்திருந்தாள் அம்மா.

"இன்னாம்மா பண்ற!"

"நாத்தம் போவலயே. மருந்து குடுக்குற எடம், வாசனையா போவ வேணாவா? வைத்தியருங்க மூஞ்ச சுளிக்க மாட்டாங்களா?"

எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அந்த மருந்து இல்லம்மா. பீரங்கிக்குப் போடுற மருந்து. ஒரு பொறி வுழுந்தா போச்சு."

சட்டியில் தண்ணீரைக் கொட்டினாள்.

"வெடிக்குமா?"

"ம்."

"அங்கயா ஒன்ன அனுப்புறேன்?"

வேட்டியைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். கேட்டுப் பார்த்தேன், கொடுக்கவில்லை. நைனா கழியில் காய்ந்த தன் வேட்டியை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீயே அனுப்புறியா?" என்றாள் அம்மா.

"படிக்க வெச்சிட்டு போவாதேன்னா எப்டி?" என்றார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வாசலில் காவல்காரன் என் தோளருகே குனிந்து முகர்ந்தான். "இன்னாய்யா, வலையோட வந்துட்டியா?" என்று மூக்கைப் பொத்தியபடி வழிவிட்டான். அவன் கேலிக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. உள்ளே கால் வைத்தபோது அம்மாவின் 'வெடிக்குமா?' தான் காதில் இருந்தது.

மாலை திரும்பியபோது எங்கள் வீட்டில் மட்டும் அடுப்புப் புகை எழவில்லை. நான் கட்டியிருந்த நைனா வேட்டியின் முனையை அம்மா மூக்கில் வைத்து முகர்ந்தாள்.

"புகை இல்ல," என்றாள் தனக்குள். பிறகு போய் அடுப்பு மூட்டினாள். அந்த வேலையில் நான் இருந்தவரை எந்த மாலையும் நான் திரும்பி வந்து, அவள் அப்படி முகர்ந்து பார்ப்பதற்கு முன்னால் எங்கள் அடுப்பு எரியவில்லை.