பத்தாம் ஸ்தலத்துக்கு ஆள் இல்லை

எங்கள் ஊரில் ஆண்டவர் சாகிற இடம் முன்கூட்டியே முடிவாகிவிடும். பெரிய வெள்ளியன்று மத்தியானம் குருசைத் தூக்கிக்கொண்டு தெருத்தெருவாகச் சிலுவைப்பாதை போவோம். அவர் பட்ட பாடுகளில் ஒவ்வொரு கட்டமும் ஒரு ஸ்தலம். பதினான்கு ஸ்தலத்துக்கும் பதினான்கு வீட்டு வாசல். அந்தந்த வீட்டார் மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, மெழுகுவர்த்தி ஏற்றி வைக்க வேண்டும். பன்னிரண்டாம் ஸ்தலம் விசைப்படகு முதலாளி வீட்டுக்கு. ஆண்டவர் வருஷம் தவறாமல் அங்கேதான் மரிப்பார், ஏனென்றால் அங்கேதான் பந்தல் உண்டு. ஆறாம் ஸ்தலத்தில் ஒரு பெண் அவர் முகத்தைத் துடைக்கிறாள் அல்லவா, அதை வாங்க ஒரு தடவை இரண்டு வீட்டுக்காரிகள் முடியைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லாம் பக்திதான்.

பத்தாம் ஸ்தலத்தை மட்டும் யாரும் சீண்டமாட்டார்கள். அதில் அவருடைய உடையை உரிகிறார்கள். அதை வாங்கின வீட்டில் மானம் போகும் என்று ஒரு பேச்சு. ஆண்டவர் நமக்காக அவமானப்பட்டார் என்று தொண்டை கிழியப் பாடுவோம். அது எங்கள் வாசலில் நடக்காமல் இருந்தால் சரி.

பட்டியல் எழுதுகிறவன் நான், ஊர்க்கமிட்டிச் செயலாளர். மைக் பிடித்துத் தியானம் வாசிப்பவனும் நானே. என் குரலுக்குக் கல்லும் கரையும் என்பார்கள்.

அந்த வருஷம் பட்டியலோடு உட்கார்ந்திருந்தபோது என் தங்கச்சி வந்தாள். ஏரல் பக்கத்து வயக்காட்டுப் பையனை, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவனை, பதிவாளர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவள். அவன் திருநீறு பூசுகிறவன். அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று கமிட்டி தீர்மானம் போட்டது. கை தூக்கியவர்களில் நான் மூன்றாவது ஆள். முதல் ஆள் இல்லை என்பதை இன்றைக்கும் பெருமையாக நினைத்துக்கொள்வேன்.

அவளுக்கு அப்போது ஏழாம் மாதம்.

"அண்ணே, பத்தாம் ஸ்தலத்த எனக்குத் தாயேன். எவளும் வாங்க மாட்டேங்காள்லா."

"ஏளா, உனக்கு எதுக்கு அது?"

"குருசு ஒரு தடவ எங்க வாசல்ல நின்னுட்டா, பொறவு ஊரு எங்கள ஒதுக்க முடியாதுல்லா. பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுக்கயில நாலு பேரு வரணும்ணே. நீ வரணும்."

கமிட்டியில் கேட்கிறேன் என்றேன். கேட்டேன். ஊர்த் தலைவர் வெற்றிலையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏலே, அவ வாசல்ல கொண்டுபோயி வச்சா ஆண்டவர் துணிய உரியணும்? அவருக்குன்னு ஒரு மரியாத இல்லையா?" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். தன் மரியாதையைக் காப்பாற்ற இப்படி ஒரு கமிட்டி இருப்பது தெரிந்திருந்தால் ஆண்டவர் அத்தனை பாடு பட்டிருக்க மாட்டார். பத்தாம் ஸ்தலம் மின்கம்பத்தடியில் என்று முடிவானது. அந்தக் கம்பம் தங்கச்சி வீட்டுக்கு நேர் எதிரே நிற்கிறது. எதிரேதானே, வாசலில் இல்லையே என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதிவைத்தேன்.

பெரிய வெள்ளியன்று சரியான கடற்காற்று. கையில் பிடித்து வந்த மெழுகுவர்த்திகளெல்லாம் மூன்றாம் ஸ்தலத்திலேயே அணைந்துவிட்டன. கம்பத்தடிக்கு வந்து மேசையைப் பார்த்தால் வர்த்தி இருக்கிறது, ஏற்ற நெருப்பு இல்லை. வீடில்லாத ஸ்தலத்துக்குத் தீப்பெட்டி யார் கொண்டுவருவார்கள்? வருஷம் முழுக்கப் பீடி ஊதுகிறவர்கள் அன்றைக்கு ஒருநாள் புண்ணியவான்களாகி வெறும் பையோடு நின்றார்கள்.

அவள் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். வயிற்றை ஒரு கையால் தாங்கிக்கொண்டு, மறு கையில் தீப்பெட்டியோடு தெருவைக் கடந்தாள். யாரும் சொல்லாமலே கூட்டம் விலகி வழிவிட்டது. மரியாதைக்கு அல்ல, மேலே பட்டுவிடுவாள் என்று.

"அண்ணே, இந்தா."

தலைவர் என்னைப் பார்த்தார். நான் அவளைப் பார்க்காமல், "வேண்டாம். நீ போ" என்றேன்.

மைக் கையில் இருந்தது மறந்துபோயிற்று. கல்லும் கரையும் குரல் நாலு ஒலிபெருக்கியிலும் தெரு முழுக்கக் கேட்டது. பின்னால் தூரத்தில் நின்றவர்கள் ஜெபம் முடிந்துவிட்டது என்று நினைத்து, "எங்கள் பேரில் தயவாயிரும் சுவாமி" என்று ஒரே குரலில் சொன்னார்கள்.

அவள் தீப்பெட்டியை வெள்ளைத் துணிமேல் வைத்துவிட்டுப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அதை எடுத்துத்தான் வர்த்தியை ஏற்றினேன். அந்த வர்த்திக்கு முன்னால் நின்று தியானம் வாசித்தேன். ஆண்டவரை எப்படித்தான் மனசு வந்து வேண்டாம் என்று தள்ளினார்களோ என்று பெண்கள் மூக்கைச் சிந்தி அழுதார்கள். நானும் அன்றைக்கு எருசலேமில் இருந்திருந்தால் அழுகிறவர்கள் பக்கம் நின்றிருப்பேன் என்றுதான் அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அவரைத் தள்ளியவர்கள் கொம்பு முளைத்தவர்கள் இல்லை. என்னை மாதிரி, கோயில் காரியம் பார்க்கிற, நாலு பேர் மதிக்கிற ஆட்கள்.

ஞானஸ்நானம் வேறு ஊர்க் கோயிலில் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. தீப்பெட்டி அன்றைக்கே என் சட்டைப்பையில் வீட்டுக்கு வந்துவிட்டது. அதைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் போய் அவளிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று பாஸ்குப் பண்டிகையாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். கம்பத்திலிருந்து அவள் வாசலுக்குப் பன்னிரண்டு எட்டு வைத்தால் போதும். பத்தாம் ஸ்தலத்துக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை. வருஷா வருஷம் அந்தக் கம்பத்தடியில் நின்று, அவளுடைய தீப்பெட்டியை எடுத்துத்தான் வர்த்தி ஏற்றுகிறேன். இன்னும் நாலு குச்சி இருக்கிறது.