கறுப்புக் கொட்டை எடுத்த கெம்பம்மா

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கெம்பம்மாவுக்கு வாய் இருந்தது, ஆனால் அது கன்னட வாய். ஆனேக்கல் பக்கத்தில் பிறந்து, உத்தனப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டவள். வந்த புதிதில் என் மாமியாரோடு ஒரு நாள் தெலுங்கில் சண்டை போட்டாள். யாரிடம் கற்றாள் என்று கேட்டால், "சண்டை போட்டுத்தான் கத்துக்கிட்டேன்" என்றாள். சண்டை போடத் தமிழ்க்காரர் யாரும் பக்கத்தில் இல்லாததால் தமிழ் மட்டும் அவளுக்கு வரவில்லை.

அவள் கணவன் கரியப்பன் மூங்கில் லாரியோடு போகிறவன். போனால் போன இடம், வந்தால் வந்த நாள். இரண்டு பெண்பிள்ளைகளை வைத்துக்கொண்டு கெம்பம்மா ராகிக் கொல்லைகளில் களை எடுத்தாள், கதிர் அறுத்தாள். மழை இல்லாத வருஷம் அதுவும் இல்லை. வானத்தைப் பார்த்து அடுப்பு மூட்டி அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

ஐம்பத்தேழாம் வருஷம் என்று நினைவு. ஊருக்குப் பால்வாடி வரப்போகிறது, அதற்கு உள்ளூர்ப் பெண் ஒருத்தி வேண்டும் என்றார்கள். மாதச் சம்பளம். பெரிய படிப்பு தேவையில்லை. பிள்ளைகளோடு தமிழில் பேச வேண்டும், தமிழில் கதை சொல்ல வேண்டும், அவ்வளவுதான். வீட்டில் தெலுங்கும் கன்னடமும் பேசும் பிள்ளைகள் ஒன்றாம் வகுப்புக்குப் போய்த் திருதிருவென்று விழிக்கக் கூடாதாம். அன்றிலிருந்து கெம்பம்மாவுக்கு வேறு நினைப்பே இல்லை. களை எடுக்கும்போதும் வாய்க்குள் தமிழை மென்றுகொண்டிருந்தாள்.

மாதர் சங்கத்தில் எங்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர் சரோஜம்மாள் டீச்சர். மதுரைப் பக்கத்துக்காரர். எங்கள் பேச்சைக் கேட்டு முதல் வாரம் அழுதார், இரண்டாம் வாரம் சிரித்தார், பிறகு பழகிவிட்டார். புத்தகத்தை விரித்தால் நாங்கள் கொட்டாவி விடுவதைப் பார்த்து, தானே ஒரு நாடகம் எழுதினார். உப்பு விலை தெரியாத ஒரு ராணி சந்தைக்குப் போகிற கதை. வேஷம் கட்டினால் வெட்கம் போகும், வெட்கம் போனால் பேச்சு வரும் என்பது அவர் கணக்கு.

இதைக் கேள்விப்பட்டுப் பட்டணத்துப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து ஒருவர் வந்து இறங்கினார். மொழியை நாடகத்தால் கற்பது நல்லதா, புத்தகத்தால் கற்பது நல்லதா என்று ஆராய்ச்சி செய்கிறாராம். பேர் சொன்னார், எங்கள் வாயில் நுழையவில்லை. ஆராய்ச்சி சார் என்றே வைத்துக்கொண்டோம். எங்களை இரண்டு கட்சியாகப் பிரிக்க வேண்டும் என்றார். ஒரு கட்சிக்கு நாடகம், ஒரு கட்சிக்குப் புத்தகம். கடைசியில் அவர் வந்து பேசவைத்துப் பார்ப்பார். நன்றாகப் பேசுகிறவளைப் பால்வாடிக்குச் சிபாரிசு செய்ய டீச்சரோடு தானும் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

பிரிப்பதற்கு அவர் காகிதம் கிழிக்கப் போனார். எங்கள் பூவம்மாள் அக்கா விடவில்லை. புளியங்கொட்டையைத் தரையில் தேய்த்துப் பாதி கொட்டைகளை வெள்ளையாக்கி, மற்றவற்றோடு பையில் போட்டுக் குலுக்கினாள். வெள்ளை எடுத்தால் நாடகம், கறுப்பு எடுத்தால் புத்தகம். பெரிய பண்ணை வீட்டுப் பூவம்மாள் அக்காவுக்கு வெள்ளை. ராணி வேஷத்தை அப்போதே மனதில் கட்டிவிட்டாள். எனக்கும் வெள்ளை. உப்பு வியாபாரி சாந்தம்மா, அதாவது நான்.

கெம்பம்மாவுக்குக் கறுப்பு. கொட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். ஊரில் யார் நடந்தாலும் அப்படியே நடந்து காட்டுகிறவள் அவள். நானோ மாமனார் எதிரில் தும்மக்கூட வெட்கப்படுகிறவள். எனக்கு வியாபாரி வேஷம், அவளுக்கு அரிச்சுவடி. "இது என்னாக்கா நியாயம்?" என்று தெலுங்கில் கேட்டுவிட்டுப் போனாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு மனசு கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் கொட்டையை மாற்றிக்கொள்ளும் அளவுக்குக் கஷ்டமாக இல்லை.

ஆராய்ச்சி சார் போகும்போது ஒரு கட்டளை போட்டார். புத்தகக் கட்சி நாடக ஒத்திகையைப் பார்க்கக் கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு பழக வேண்டும்.

எங்கள் பக்கத்தில் கூத்துப் பழகுவதைப் பார்த்திருந்தால் அவர் இப்படிச் சொல்லியிருக்க மாட்டார். ஊர்ப் பொதுவில், ஊர் பார்க்கத்தான் பழகுவார்கள். வேஷக்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் வேடிக்கை பார்த்தவனில் ஒருவன் எழுந்து ஆடிவிடுவான். ஆகையால் வேடிக்கை பார்ப்பதும் பழகுவதில் சேர்த்தி. மூடிய கதவுக்குள் ஒத்திகை என்றதும் ஊரே சந்தேகப்பட்டது. உள்ளே என்னதான் செய்கிறார்கள் என்று, அதுவரை எட்டிப் பார்க்காதவர்கள் கூட எட்டிப் பார்த்தார்கள். போதாததற்குப் பள்ளிக்கூடக் கொட்டகை அடுப்பு மாதிரி கொதித்தது. ராணிக்கு மூச்சு முட்டியது. கதவு சாத்தியே இருந்தது, பக்கவாட்டு மூங்கில் தட்டியை மட்டும் தூக்கிக் கட்டினோம்.

தட்டிக்கு அந்தப் பக்கம் கள்ளி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் ஓர் ஆடு. ஆட்டுக்கயிற்றின் மறுமுனையில் கெம்பம்மா. அந்த ஆடு அந்த மாதம் முழுக்க அந்த இடத்திலேயே மேய்ந்தது. அங்கே புல்லே கிடையாது.

டீச்சர் ஒரு முறை பார்த்து விரட்டினார். கெம்பம்மா ஆட்டை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். டீச்சர் அதோடு தீர்ந்தது என்று நினைத்தார். ஒரு நாள் ராணி, "உப்பு என்ன விலை?" என்று கேட்க, எனக்குப் பதில் மறந்துபோனது. நான் விழித்துக்கொண்டு நிற்கும்போது பின்னாலிருந்து, "மகாராணிக்கு விலை எதற்கு, அள்ளிக்கொள்ளுங்கள்" என்று குரல் வந்தது. என் வசனம்தான். மந்திரி வேஷம் போட்ட வெங்கடம்மாள் எடுத்துக்கொடுத்தாள் என்று டீச்சர் நினைத்துப் பாராட்டினார். வெங்கடம்மாளும் பாராட்டை வாங்கிக்கொண்டாள்.

ஆனால் வேலிக்கு அப்பால் எல்லாம் காதில் விழுமா? பாதி வசனம் காற்றோடு போய்விடும். கெம்பம்மா கிடைத்த பாதியைக் கொண்டுபோய்க் கிணற்றடியில் கடை விரித்தாள். புத்தகக் கட்சிப் பெண்கள் துணி துவைக்க வந்தால் துண்டைத் தலையில் கட்டி ராணியானாள், இடுப்பில் கட்டி மந்திரியானாள். "உப்பு என்ன விலை?" என்று ராணியாகக் கேட்பாள். வியாபாரியின் பதில் அவளுக்கே சரியாகத் தெரியாத நாளில், "நீ சொல்லு" என்று முனிலட்சுமியை இழுப்பாள். முனிலட்சுமி புத்தகத்தில் படித்த நாலு சொல்லைப் பொறுக்கி ஏதோ ஒரு விலை சொல்வாள். ராணி விடமாட்டாள், பேரம் பேசுவாள். வார்த்தை வராத இடத்தில் கன்னடத்தைப் போட்டு நிரப்புவார்கள், மறுநாள் டீச்சரிடம் தமிழில் அதற்கு என்ன என்று கேட்டுவந்து மாற்றுவார்கள். புத்தகக் கட்சிக்கு இப்படி ஒரு ஆர்வமா என்று டீச்சருக்கு ஒரே பூரிப்பு.

ஆராய்ச்சி சார் வந்தார். முதலில் நாடகக் கட்சி.

பூவம்மாள் அக்காவிடம், "காலையில எழுந்ததும் என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மந்திரியே, தேரைப் பூட்டச் சொல்!" என்றாள். அவர் மறுபடி மெதுவாகக் கேட்டார். அக்கா மறுபடி தேரைப் பூட்டச் சொன்னாள். வெங்கடம்மாள் எதைக் கேட்டாலும், "உத்தரவு மகாராணி" என்றாள். எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். எனக்குத் தெரியும், வீட்டில் தினமும் பார்க்கிறேன். ஆனால் பயத்தில் வாய் திறந்தால் உப்பு வியாபாரம்தான் வந்தது. "அள்ளிக்கொள்ளுங்கள்" என்றேன்.

அடுத்துப் புத்தகக் கட்சி. முனிலட்சுமி ராகிக் களியை எப்படிக் கிண்டுவது என்று சொன்னாள். இன்னொருத்தி தன் மாமியாரைப் பற்றித் தமிழில் குறை சொன்னாள். கெம்பம்மா கடைசி. பால்வாடிப் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லச் சொன்னார். காணாமல் போன ஆட்டைப் பற்றிச் சொன்னாள். ஆராய்ச்சி சார் எழுதுவதை நிறுத்திவிட்டு ஆடு கிடைத்ததா என்று கேட்டார்.

பிறகு எழுந்து நின்று தீர்ப்புச் சொன்னார். புத்தகம்தான் ஜெயித்தது. நாடகத்தால் நாலு வசனம் மனப்பாடம் ஆகுமே தவிர மொழி வராது. மாதர் சங்கங்களில் நாடகம் வேண்டாம் என்று எழுதப்போகிறார். சங்கராந்திக்கு நாங்கள் ஊர் முன்னால் ஆடவிருந்ததையும் நிறுத்திவிட வேண்டும். "கெம்பம்மாவுக்கு நான் கையெழுத்துப் போடுறேன்" என்றார்.

டீச்சர் முகம் செத்துப்போனது. பூவம்மாள் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். கெம்பம்மா கேட்ட வேலை அவள் மடியில் வந்து விழுந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அவள் எழுந்தாள். "சார், ஒரு நிமிசம். அது பொஸ்தகத்துல வந்த தமிளு இல்லீங்க."

"பின்னே?"

"வேலியில வந்த தமிளு."

துண்டை உதறித் தலையில் கட்டினாள். ராணி, மந்திரி, வியாபாரி, தேரோட்டி என்று எல்லா வேஷத்தையும் ஒருத்தியே ஆடினாள். நான் வசனம் மறந்து விழித்ததையும் ஆடினாள், சண்டாளி. முனிலட்சுமியும் மற்றவர்களும் இருந்த இடத்திலிருந்தே பதில் கொடுத்தார்கள்.

ஆராய்ச்சி சார் தலையில் கைவைத்துக்கொண்டார். "பார்க்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா! என் ஆராய்ச்சியே போச்சே!"

"பார்க்கலீங்க சார். கண்ணை ஆட்டு மேலதான் வச்சிருந்தேன். காதை என்னாங்க பண்றது?"

"விதியை மீறினவளுக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

"தெரியும் சார். தெரிஞ்சிதான் எழுந்தேன்." அவள் குரல் அங்கேதான் கொஞ்சம் உடைந்தது. "நான் சும்மா இருந்தா எனக்கு வேலை கெடைக்கும். டீச்சரம்மா நாடகம் போயிரும். இந்த நாடகம் இல்லன்னா எனக்கு ஏது சார் தமிளு?"

அப்போது பூவம்மாள் அக்கா எழுந்தாள். மறுபடி தேரைப் பூட்டச் சொல்லப்போகிறாள் என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாங்க சார் இது அக்குறும்பு? அவ திருடினாளா? பொய் சொன்னாளா? நீங்க கதவைச் சாத்தச் சொன்னீங்க, எனக்கு மூச்சு முட்டிச்சி, தட்டியைத் தூக்குனது நானு. தப்புன்னா என் மேல போடுங்க. ரெண்டு புள்ளையை வச்சிக்கிட்டு என் கொல்லையில அவ குனிஞ்ச முதுகு நிமிராம வேலை செய்யறதை நான் பார்க்கறேன், நீங்க பார்த்தீங்களா?"

ஒரு வார்த்தைகூட நாடகத்தில் இல்லாதது. தமிழில் அக்கா சொந்தமாகப் பேசியது அன்றுதான் முதல் தடவை. அவளுக்கே அது கடைசியில்தான் தெரிந்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் வெங்கடம்மாள் ஆரம்பித்துவிட்டாள், நான் ஆரம்பித்துவிட்டேன். எனக்கு நாலு பிள்ளைகள் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். இரண்டு கட்சியும் ஒரே கட்சியாகி அவரைச் சூழ்ந்துகொண்டது.

"எல்லாரும் ஒண்ணாப் பேசினா நான் எதைம்மா எழுதுறது?" என்று கத்தினார் அவர். கத்தியவர் பேனாவை மூடிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார். டீச்சர் சிரித்துக்கொண்டே அழுதார். சிபாரிசுக் காகிதத்தை ஆராய்ச்சி சார் முன்னால் வைத்தபோது, "இது ஆராய்ச்சிக் கணக்கில் சேராது" என்று முணுமுணுத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சங்கராந்திக்கு நாடகம் நடந்தது. அன்று எனக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. உப்பு வியாபாரியாக யார் எழுந்து ஆடியிருப்பார் என்று நான் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கிடைக்காத கைதட்டல் அவளுக்குக் கிடைத்தது. வயிற்றெரிச்சல்தான். ஆனாலும் நானும் தட்டினேன்.

பால்வாடியில் கெம்பம்மா கிழவியாகும் வரை வேலை பார்த்தாள். அவள் மூத்த பெண் பின்னால் நர்ஸ் ஆனாள். ஆடு உள்ளே வருகிறது, பேர் பதியாத பிள்ளைகளெல்லாம் வாசலில் நின்று கதை கேட்கிறார்கள், கதவைச் சாத்துங்கள் என்று வருகிற அதிகாரிகளெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். "சரிங்க சார்" என்று எல்லாரிடமும் பணிவாகச் சொல்வாள். அந்தக் கட்டடத்துக்கு நல்ல பலாக்கதவு உண்டு. அவள் இருந்தவரை கதை நேரத்தில் அது சாத்தி நாங்கள் யாரும் பார்த்ததில்லை.