பாதி காதில் விழுந்த சொல்

லண்டன் துறைமுகத்தை ஒட்டிய தெருக்களில் ஹொரேஸ் டக்கெட் பூனைக்குக் கறி விற்றவர். குதிரைக் கறியைக் குச்சியில் குத்தி வீடு வீடாகப் போடுவார். எப்போதும் நாலு பூனை பின்னால் வரும். சண்டை வரப்போகிறது என்றதும் தீயணைப்புப் படையில் தொண்டராகச் சேர்ந்தார். "பட்டாளத்துக்குப் பயந்தவன்லாம் அங்க போய்ச் சீட்டாடுறான்" என்று தெருவே ஏசியது. முதல் குண்டு விழுகிறவரைதான் அந்த வாயெல்லாம்.

அவரோடு சேர்ந்தவன் பக்கத்து வீட்டு லென் பாஸெட். லென் மேலே ஏறிக் குழாய் பிடிப்பான். ஹொரேஸ் கீழே பம்ப்பில் நிற்பார்.

அந்தப் படையில் 'மேக் அப்' என்றால் வேலை முடிந்தது, குழாயைச் சுருட்டு. 'மேக் பம்ப்ஸ் இருபது' என்றால் சமாளிக்க முடியவில்லை, இருபது பம்ப் அனுப்பு. இரண்டும் 'மேக்' என்றுதான் ஆரம்பிக்கும். யார் யோசித்து வைத்தார்களோ, அவர்களைத்தான் கேட்கவேண்டும்.

1940 செப்டம்பரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சர்க்கரைக் கிடங்கு பற்றி எரிந்தபோது யாரோ கத்தினார்கள். நெருப்பின் இரைச்சலில் 'மேக்' மட்டும்தான் ஹொரேஸுக்குக் கேட்டது. மீதியை 'அப்' என்று அவருடைய பயம் சொல்லிக்கொடுத்தது. தண்ணீரை மூடினார். கூரை விளிம்புக்கு வந்து லென் எட்டிப் பார்த்தான். கையில் குழாய் துவண்டு தொங்கியது. "என்னாச்சுடா?" என்று அவன் வாய் அசைந்தது. ஹொரேஸ் பதறித் திறந்தார். அதற்குள் அந்த விளிம்புச் சுவர் லென்னோடு சேர்ந்து இறங்கிவிட்டது.

சுவர் இடிந்து செத்தான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். ஹொரேஸ் மறுக்கவில்லை.

லென்னின் மனைவி எடித் ஞாயிறுதோறும் அவரைக் கூப்பிட்டு டீ கொடுத்தாள். அவர் அவளுடைய பூனைக்கு ஒரு குச்சி கறி கொண்டுபோவார்.

"கடைசிவரைக்கும் அவருக்குத் தண்ணி குடுத்தவன் நீதானேப்பா. அதுலதான் எனக்கு மனசு ஆறுது" என்பாள். அவர் கோப்பையை வைத்துவிட்டுப் பூனைக்குக் கறி பிய்த்துப் போடுவார்.

ஒன்றரை வருஷம் கழித்து, தீயணைப்புப் படையைப் பற்றிப் படம் எடுக்க ஆட்கள் வந்தார்கள். நடிகர்கள் வேண்டாமாம், நிஜத் தீயணைப்புக்காரர்களே போதுமாம். எடித் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"நீயா நடிக்கப் போற? பழைய கறியப் புதுசுன்னு விக்கக்கூட உனக்கு வராதே!"

பாதி எரிந்த கிடங்கில், மத்தியானத்தில், புகை மூட்டிப் படம் பிடித்தார்கள். கூரையில் கஸ் என்ற பையன். கீழே பம்ப்பில் ஹொரேஸ். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. முற்றத்தின் மறுபக்கம் ஒரு பெண், அடுத்த காட்சிக்கு முகத்தில் கரி பூசும் ஆளைக் கூப்பிட்டாள்: "மேக்கப்!"

ஹொரேஸின் கை தானாகவே தண்ணீரை மூடியது.

கஸ் துவண்ட குழாயோடு விளிம்புக்கு வந்து எட்டிப் பார்த்தான். "யோவ், என்னைக் கொல்லப் பாக்குறியா?" என்று சிரித்தான். கீழே எல்லோரும் சிரித்தார்கள். ஹொரேஸ் மட்டும் அண்ணாந்தபடியே நின்றார். படமெடுப்பவர் துள்ளிக் குதித்தார்.

"அந்த மூஞ்சி! அதை மட்டும் வெட்டிடாதீங்கப்பா!"

வெட்டவில்லை. அடுத்த வசந்தத்தில் எடித்தான் அவரைப் பகல் காட்சிக்கு இழுத்துப்போனாள். வேண்டாம் என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது அவருக்கு? திரையில் குழாய் துவண்டது. கூரை விளிம்பில் ஒருவன் எட்டிப் பார்த்தான். பிறகு திரை முழுக்க ஹொரேஸின் முகம்.

எடித் திரையை விட்டு அவர் பக்கம் திரும்பினாள்.

"உனக்குத்தான் நடிக்க வராதே, ஹொரேஸ்."

அவர் குனிந்துகொண்டார்.

"அவருக்கும் அப்படித்தான் நடந்துச்சா?"

"அரை நிமிஷம் தண்ணிய மூடிட்டேன்... ஆமா, எடித்."

அவள் எழுந்து போகவில்லை. படம் முடிகிறவரை இருந்து, கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு தனியாக வீட்டுக்குப் போனாள்.

அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கதவு திறக்கவில்லை. ஹொரேஸ் மட்டும் பதினாலு வருஷம், சாகிறவரை, பூனைக்கான கறியை அந்த வாசலில் வைத்துவிட்டு வந்தார். பூனை நடுவில் எப்போதோ செத்துப்போனது. அவருக்கு அது தெரியாது. ஏனென்றால் ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் பூனையின் தட்டு கழுவி வைத்திருக்கும்.