ஜென்சி சொல்லாத சொல்

"தோ, வந்துகினே கீறேன்மா" என்கிறார் பஸ் டிரைவர் குப்பன் போனில். ராஜகீழ்ப்பாக்கம் சந்திப்பில் கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கும் ஜென்சிக்கு அந்தத் 'தோ' போதாது. "தோன்னா எங்கண்ணா? எந்தக் கடைக்கு எதிர்ல?" என்று கேட்கிறாள். "இன்னாம்மா நீ, காலங்காத்தால பேஜாரு! கேம்ப் ரோடு சிக்னல்ல நிக்கிது வண்டி. போதுமா?" போதும். பையிலிருந்து ஒரு கடலைமிட்டாயை எடுத்துப் பிரிக்கிறாள். கேம்ப் ரோடு சிக்னல் என்றால் அதைத் தின்று முடிக்க நேரம் இருக்கிறது.

'இப்போ', 'இதோ', 'இப்பத்தான்' எல்லாம் அவள் வாயிலிருந்து வராது. 'இப்போ' என்ற சொல்லோடு அவளுக்குப் பேச்சுவார்த்தையே கிடையாது. சாப்பாடு எப்போது என்று கணவன் எழில் கேட்டால், "குக்கர் இன்னும் ரெண்டு விசில் அடிக்கணும்" என்பாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பின்னால் வருகிறவன், ஆராதனை ஆரம்பித்துவிட்டதா என்று கேட்டால், "ரெண்டாவது பாட்டு, மூணாவது சரணம்." "உன்கிட்ட ஒண்ணு கேட்டா கோர்ட்ல சாட்சி சொல்ற மாதிரியே பதில் வருது" என்று அவன் அலுத்துக்கொள்வான்.

எல்லாம் தொழில் செய்த கோளாறு. ஆம்புலன்ஸ் கேட்டு வரும் அழைப்புகளை வண்டிகளுக்குத் தள்ளிவிடும் மென்பொருளைச் செய்கிற ஒரு சிறுசேரி கம்பெனியில் அவளுக்கு வேலை. கம்ப்யூட்டர் தான் செய்வதையெல்லாம் வரி வரியாக எழுதிக்கொண்டே போகும். அதை லாக் என்பார்கள். மலைபோல் குவியும் அந்த வரிகளில் தப்பு எங்கே நடந்தது என்று தேடிப் பிடிப்பவள் ஜென்சி. தேடும்போது, எந்த நேரத்துக்குள் என்று சொல்லியாக வேண்டும். 'கடைசிப் பதினைந்து நிமிடம்' என்று கேட்கலாம். 'ரியல் டைம்' என்று போட்டால் வரிகள் வர வரத் திரையில் ஓடிக்கொண்டே இருக்கும்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதைத் தாம்பரம் ஸ்டேஷனை வைத்துத்தான் விளக்குவாள். "பிளாட்பாரத்துல நின்னு வண்டி போறதப் பாத்துட்டே இருந்தா, அது ரியல் டைம். வீட்ல உக்காந்துகிட்டு 'கடைசியா எந்த வண்டி போச்சு'ன்னு போன்ல கேட்டா? நீ கேட்டா ஒரு வண்டி. நான் டீ குடிச்சிட்டு வந்து கேட்டா வேற வண்டி. கேள்வி ஒண்ணுதான், பதில் மாறிடும்." ரியல் டைம் பார்ப்பதில் அவளுக்கு அப்படி ஒரு ஆசை. திரையில் வரிகள் ஓட ஆரம்பித்தால் மேஜைக்கு அடியில் அவள் கால் தாளம் போடும். ஆனால் அது குழாயைத் திறந்துவிட்டு வேடிக்கை பார்ப்பது மாதிரி, மெஷினின் சக்தியையெல்லாம் தின்றுவிடும். கொஞ்சம் பார்த்துவிட்டு மனமில்லாமல் மூடிவிடுவாள்.

இத்தனை பேசுகிற ஜென்சியே போன மாதம் கோட்டை விட்டாள்.

புதிய மென்பொருள் ஒரே ஒரு மாவட்டத்தில் வெள்ளோட்டத்தில் இருந்தது. பழையதும் கூடவே ஓடியதால், புதியது சொதப்பினாலும் வண்டி போய்ச் சேர்ந்துவிடும். அன்று சாயங்காலம் பழையதை நிறுத்திவிட்டு எல்லா மாவட்டத்துக்கும் புதியதைத் திறப்பதாக ஏற்பாடு. மதியம் ரியல் டைம் பார்த்துக்கொண்டிருந்தவள் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். அழைப்பு வந்ததாக ஒரு வரி வருகிறது. வண்டிக்கு அனுப்பியதாக அடுத்த வரி வரவில்லை. அடுத்த அழைப்புக்கும் இல்லை. அதற்கடுத்ததற்கும் இல்லை. அந்த நேரம் பார்த்துக் குப்பன் வேறு போன் செய்ய, எரிச்சலோடு அதை வெட்டினாள். சற்றுப் பொறுத்து எல்லாம் தானாகவே சரியாகிவிட்டது. படபடப்பில் 'கடைசிப் பதினைந்து நிமிடம்' என்று தேடி, அதன் லிங்க்கை மேனேஜர் யக்ஞநாராயணனோடு பகிரும் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தாள்.

அவர் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டு வந்து திறந்தார். "என்னம்மா ஜென்சி, எல்லாம் க்ளீனாத்தானே இருக்கு?"

இருக்காதா பின்னே! பதினைந்து நிமிடத்தை அவர் திறந்த நேரத்திலிருந்து பின்னோக்கியல்லவா அது எண்ணுகிறது? தப்பு எப்போதோ நழுவி வெளியே போய்விட்டது. "நான் கண்ணால பாத்தேன் சார்" என்றாள். "எப்போ பார்த்தே?" என்று அவர் கேட்டார். 'இப்பத்தான்' என்று நாக்கு நுனி வரை வந்ததை அப்படியே விழுங்கினாள்.

"சாயங்காலம் திறக்கறதைப் பத்தின மீட்டிங் முடியறதுக்குள்ள காமி. இல்லேன்னா நான் ஓகே சொல்லிடுவேன்" என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

மதியம் முழுவதையும் சேர்த்துத் தேடப் பார்த்தாள். அந்த மாடியில் இருந்த அத்தனை பேரும் எதையாவது தேடிக்கொண்டிருந்ததால் பெரிய தேடல்களெல்லாம் வரிசையில் காத்து நின்றன. திரையில் வட்டம்தான் சுற்றியது. இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை என்று சின்னதாகக் கேட்டால் உடனே வந்துவிடும். ஆனால் மணி? அவள் பார்க்கவில்லை. லிங்க்கை ஒட்டிய குறிப்பேட்டிலும் மணி விழுவதில்லை. நாளைக்கு எங்கோ ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவார், வண்டி வராது.

குப்பன்! வெட்டிய அழைப்பு!

போனைப் பிடுங்கி எடுத்தாள். குப்பன் கூப்பிட்ட மணி அதில் நிமிடம் பிசகாமல் இருந்தது. அதற்குக் கொஞ்சம் முன்னும் பின்னுமாக நேரத்தைக் கட்டிப்போட்டுத் தேடினாள். வந்தன வரிகள், வண்டி கிடைக்காத அத்தனை அழைப்புகளும்! "மாட்டுச்சு!" என்று அவள் போட்ட கூச்சலில் மாடியே திரும்பிப் பார்த்தது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். ஒரு செருப்பு மேஜைக்கு அடியிலேயே தங்கிவிட்டது. யக்ஞநாராயணன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வரி வரியாகப் படித்தார். பிறகு மேஜைமேல் இருந்த ஸ்பீக்கர்போனைப் பார்த்து, "இன்னிக்கு வேண்டாம், நிறுத்துங்கோ" என்றார்.

"இன்னாம்மா, போனைக் கட் பண்ட்ட?" என்று சாயங்காலம் குப்பன் குறைப்பட்டார். "சாயங்காலம் வண்டி பின்கேட்டாண்ட நிக்கும்னு சொல்லத்தான் கூப்ட்டேன்." ஜென்சி கைநிறையக் கடலைமிட்டாயை எடுத்து அவர் டேஷ்போர்டில் வைத்தாள். "நீங்க கூப்பிட்டதுல எத்தனை பேர் பொழச்சாங்க தெரியுமாண்ணா?" குப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மிட்டாய் மட்டும் இனித்தது.

அந்த வாரக் கடைசியில் தப்பைத் திருத்தி, சோதனைக்கு ஓர் அழைப்பை அனுப்பினார்கள். ஜென்சி ஆசையோடு ரியல் டைமைத் திறந்தாள். பின்னால் யக்ஞநாராயணன் குனிந்து நின்றார். அழைப்பு வந்ததாக முதல் வரி விழுந்தது. அடுத்த வரிக்காக இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வந்துடுத்தா?" என்றார் அவர்.

திரையின் அடியில் ஒரு வரி முளைத்தது. ஜென்சி அதன்மேல் விரலால் டொக்கென்று தட்டினாள்.

"இப்போ!"