மாமா வந்தால் பிள்ளையைக் கொடுக்கலாம்

கண்டிக்குப் பக்கத்தில், பிலிமத்தலாவையில் பிரதான வீதியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த ஒரு டே கெயாருக்கு, அதாவது பகலில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு, நான் பதினோரு வருடம் பொறுப்பாளராக இருந்தேன். இப்போது ஓய்வு. இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் சிலர் போன் எடுத்து, "டீச்சர், பதிவுக்குப் பாலிசி எல்லாம் எழுதிக் குடுக்கணுமாம். எப்படி எழுதுறது?" என்று கேட்கிறார்கள். எப்படி எழுதக்கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. அதைச் சொல்கிறேன்.

1. பனிக்காலப் பாலிசி

பதிவைப் புதுப்பிக்க வேண்டுமானால், எதை எப்படிச் செய்வது என்ற விதிகள், அதாவது பாலிசிகள், எழுத்தில் இருக்க வேண்டும் என்று கடிதம் வந்தது. சுத்தம், சாப்பாடு, காய்ச்சல் வந்த பிள்ளை, விபத்து, பிள்ளையை யாரிடம் ஒப்படைப்பது என்று ஒன்பது தலைப்புகள். இரண்டு வாரம் தவணை.

முதல் நாள் தலைப்பை எழுதினேன். இரண்டாம் நாள் அதற்குக் கீழே ஸ்கேல் வைத்துக் கோடு போட்டேன். மூன்றாம் நாள் ஒரு வெளிநாட்டு டே கெயாரின் பாலிசி முழுவதும் இன்டர்நெட்டில் கிடைத்தது. அவர்கள் பெயர் இருந்த இடமெல்லாம் எங்கள் பெயரைப் போட்டுத் தமிழாக்கி, நீல அட்டை போட்டு பைண்ட் பண்ணிவிட்டேன். அதை மேசையில் வைத்துவிட்டு அதைப் பார்த்து ரசிப்பதற்காகவே இரண்டு நாள் அந்தப் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன்.

பார்வையிட வந்த அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி. நன்றாகத் தமிழ் வாசிப்பார் என்பது எனக்குத் தெரியாது.

"டீச்சர், பனி பெய்யுற நாள்ல பிள்ளைகளுக்குக் கையுறை போடணும்னு இருக்கு. இங்க எப்ப பனி பெய்யுது?"

"கடுகண்ணாவைப் பக்கம் காலையில பனி இறங்கும்தானே மிஸ்."

"அந்தப் பனிய மண்வெட்டியால அள்ளி வாசல துப்புரவாக்கணும்னும் இருக்கே. அதுவும் கடுகண்ணாவையிலயா?"

அவர் அந்தப் பக்கத்தைக் கிழிக்கச் சொல்லிவிட்டு, மற்றவற்றைச் சரி என்று ஏற்றுக்கொண்டார். பதிவு கிடைத்தது. எனக்கும் தலைக்கனம் திரும்பக் கிடைத்தது.

2. நான் வெட்டிய மூன்று கட்டங்கள்

பிள்ளையைக் கூட்டிப்போக யாருக்கு அனுமதி என்று பெற்றோர் எழுதித்தரும் படிவம் ஒன்றும் அந்தப் பாலிசியோடு இருந்தது. அதில் நான்கு கட்டங்கள்: பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், உறவு. தாளின் மேலே எழுதவேண்டிய பெற்றோரின் விலாசமே நாலு வரி வரும். எல்லாம் ஒரே தாளில் அடங்கவில்லை. ஆகவே முதல் மூன்றையும் வெட்டிவிட்டு உறவை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இதில் எனக்குப் பெருமை வேறு. நம் ஆட்கள் ஒருவரைப் பார்த்தால் பெயரையா முதலில் கேட்கிறோம்? என்ன முறை என்றுதானே கேட்கிறோம். கண்டியில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில், "பாலிசியை நம் பண்பாட்டுக்கு ஏற்ப மாற்றியிருக்கிறேன்" என்று எழுந்து நின்று சொன்னேன். கைதட்டினார்கள்.

பெற்றோரும் மளமளவென்று நிரப்பிக் கொடுத்தார்கள். அம்மா, அப்பா, சித்தி, மாமா. கூட்டிப்போகிறவர் ஒருவரின் பெயர்கூட இல்லாத அந்தப் படிவக் கட்டை அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

3. குடைக்காரர்

தர்ஷினிக்கு அப்போது மூன்றரை வயது. அவளுடைய அம்மா கலைவாணி கண்டியில் ஒரு புடவைக் கடையில் வேலை செய்தார். அப்பா வெளிநாட்டில். ஒரு நாள் பின்னேரம் நல்ல மழை. நாலு மணிக்குக் கறுப்புக் குடையோடு ஒருவர் கேட்டில் நின்றார்.

"தர்ஷினியக் கூட்டிட்டுப் போக வந்தேங்க டீச்சர்."

"நீங்க யாரு?"

"மாமாங்க."

என் உதவியாளர் சரோஜா வத்தேகமவிலிருந்து வேலைக்கு வருபவர். அவர் என் காதருகே வந்து, "டீச்சர், முன்ன வந்த மாமா கொஞ்சம் குண்டா இருப்பாருல்ல?" என்றார்.

நான் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். 'அம்மா, மாமா' என்று இருந்தது. அதற்குள் தர்ஷினி "மாமா!" என்று கத்திக்கொண்டு ஓடி அவர் கையைப் பிடித்துவிட்டாள். தர்ஷினி முட்டைக்காரரையும் மாமா என்பாள், கரண்ட் பில் போட வருபவரையும் மாமா என்பாள். இது எனக்குத் தெரியாததல்ல.

"பாலிசிப்படி சரியா இருக்கு சரோஜா. உறவும் பொருந்துது, பிள்ளையும் அடையாளம் காட்டுது. வேற என்ன வேணும்?" என்று சொல்லி, ரெஜிஸ்டரில் 'மாமா' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தேன்.

நாலே முக்காலுக்குக் கலைவாணி நனைந்துகொண்டு வந்தார்.

"தர்ஷி எங்க டீச்சர்?"

"மாமா வந்து கூட்டிட்டுப் போனாரே."

"எந்த மாமா? பஸ் கடுகண்ணாவையில நிக்குது, வர முடியலன்னு அண்ணன் போன் எடுத்தாரு. அதனாலதான நான் பாதி வேலையில ஓடி வாறேன்."

கலைவாணி கேட்டுக்கொண்டே போனார்.

"வந்தவர் பேரு என்ன?" தெரியாது. "போன் நம்பர் வாங்கினீங்களா?" இல்லை. "எதுல வந்தாரு?" பார்க்கவில்லை. ஒன்பது பாலிசி வைத்திருந்த எனக்குத் தெரிந்ததெல்லாம் குடை கறுப்பு என்பது மட்டும்தான்.

கலைவாணி அண்ணனுக்குப் போன் எடுத்தார். போன் ஓஃப். திரும்பத் திரும்ப எடுத்தார். பிறகு பிள்ளைகளின் குட்டிக் கதிரை ஒன்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பொலிசுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் நம்பர் பிழைத்தது. கூட்டிப்போன ஆளின் பெயரைக் கேட்டார்கள். நான் "மாமா" என்றேன். "யாருடைய மாமா?" என்று மறுபக்கம் கேட்டார்கள்.

நான் இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே வாசலில் ஒரு த்ரீவீல் ஆட்டோ வந்து நின்றது. கலைவாணியின் அண்ணன் இறங்கினார். அவருக்குப் பின்னால் குடைக்காரர். அவர் கையில் தர்ஷினி, அவள் கையில் பாதி கடித்த பேக்கரி மீன் பனிஸ். குடைக்காரர் அண்ணனின் கூட்டாளி, த்ரீவீல் ஓட்டுபவர். தங்கையிடம் வர முடியாது என்று சொன்னபிறகு, பிள்ளையை எடுக்கச் சொல்லி அண்ணன் அவரிடம் சொல்லியிருக்கிறார். அதைத் தங்கையிடம் சொல்வதற்குள் போன் செத்துவிட்டது. இவர் பிள்ளையை ஏற்றிக்கொண்டு, அண்ணனையும் கூட்டிவரலாமே என்று கடுகண்ணாவைக்குப் போயிருக்கிறார்.

நான் ஓவென்று அழுதுவிட்டேன். கலைவாணி பிள்ளையை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

"அவரு நல்ல மனுசர்தான் டீச்சர். ஆனா அது உங்களுக்குத் தெரியாதுதானே."

4. அரைப் பக்கம்

மறுநாள் நானும் சரோஜாவும் உட்கார்ந்து புதிதாக எழுதினோம். அரைப் பக்கம்தான் வந்தது. பெயர், அடையாள அட்டை இலக்கம், போன் நம்பர், போட்டோ. உறவு என்ற கட்டத்தையே எடுத்துவிட்டோம். கடைசி வரி என்னுடையது: 'லிஸ்ட்டில் பெயர் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுப்பதில்லை, யாராக இருந்தாலும்.'

கலைவாணி ஒரு வாரம் பிள்ளையை அனுப்பவில்லை. பிறகு வந்தார். புதிய படிவத்தை அங்கேயே நின்று எழுதிச் சரோஜாவிடம் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பின்னேரம், கண்டியிலிருந்து வரும் வழியில் பேராதனையில் பெரிய டிராபிக். மற்றப் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். கலைவாணி இன்னும் வரவில்லை, போனும் கிடைக்கவில்லை. அவர்கள் வீடு நான் போகிற வழியில்தான், அங்கே அவருடைய அம்மா இருப்பார். ஒரு நல்ல காரியம் செய்து பழைய கணக்கைத் தீர்க்கலாம் என்று நினைத்தேன். தர்ஷினிக்குக் காலில் சப்பாத்தை மாட்டி, பேக்கை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன்.

சரோஜா கேட்டில் கை வைத்து நின்றார்.

"டீச்சர், உங்க பேரு லிஸ்ட்ல இல்ல."

"என்ன பேசுற சரோஜா? நான்தானே இங்க பொறுப்பாளர்!"

"யாராக இருந்தாலும்னு நீங்கதானே எழுதினீங்க."

எனக்குக் கோபம் வந்தது. படிவத்தைக் கொண்டுவரச் சொன்னேன். கலைவாணியின் கையெழுத்தில் மூன்று பெயர்கள் இருந்தன. கலைவாணி. அவருடைய அண்ணன். மூன்றாவது அந்த த்ரீவீல்காரர், முழுப் பெயரும் போட்டோவுமாக. நான் பிழையாகப் பிள்ளையைக் கொடுத்த ஆளுக்கு இடம் இருந்தது. எனக்கு இல்லை.

வெட்கமாக இருந்தது. மனம் நொந்தது என்றும் சொல்ல வேண்டும். தர்ஷினியின் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளோடு உள்ளே போய் உட்கார்ந்தேன். சரோஜா லிஸ்ட்டில் இருந்த நம்பருக்குப் போன் எடுக்க, ஆறரைக்கு த்ரீவீல்காரர் வந்தார். சரோஜா அவருடைய அடையாள அட்டையை வாங்கிப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிள்ளையைக் கொடுத்தார்.

புதிதாகப் பாலிசி எழுதும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான். எழுதி முடித்ததும், அது உங்களையே கேட்டில் நிறுத்துமா என்று பாருங்கள். என்னுடையது நிறுத்தியது. நான் எழுதியதில் உருப்படியான பாலிசி அது ஒன்றுதான்.