கிணற்றடித் தூக்கணாங்குருவிகளும் பாப்பாவின் களியும்

பாப்பாவுக்கு அப்போது ஒன்பது மாதம். கஞ்சிக் கிண்ணத்தைக் கண்டாலே வாயை இறுக மூடிக்கொள்வாள். திங்கட்கிழமை டாக்டர் எடை பார்ப்பார் என்று, கஞ்சி நேரம் தவறாமலிருக்கப் போனில் ஆறு அலாரம் வைத்திருந்தேன். "வீட்டிலேயே கவலைப்பட்டால் எடை ஏறிடுமா?" என்று கணவர் கேட்டதில்தான், செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தூக்கணாங்குருவி பார்க்கக் கிளம்பினோம். எழுத இவ்வளவு தாமதம் ஏன் என்று தாய்மார்கள் கேட்க மாட்டீர்கள்.

திருப்பதியில் காலை ஆறரை மணி பஸ். புத்தூரில் இறங்கி, கார்வேட்டிநகரம் பக்கம் ஆட்டோ; காத்திருந்து திரும்ப அறுநூறு ரூபாய்.

"குருவி பாக்கவா மேடம் இம்மாந்தூரம்? எங்க வூட்டு கரண்டு ஒயர்லயே குந்திக்கினு கீது, ஓசியில பாக்கலாம்" என்று கிண்டலடித்தார் ஆட்டோக்காரர்.

கம்புக் கொல்லை நடுவே ஒரு கிணறு. அதன்மேல் சாய்ந்த ஈச்சமரம் முழுக்கக் கூடுகள். கொல்லைக்காரி செங்கம்மா அக்கா கதிர் அறுத்துக்கொண்டிருந்தார். கிணற்றோரம் மட்டும் அறுக்காமல் நின்றது.

"குஞ்சு பறந்தப்புறம்தான் அங்க அறுப்போம். போன வருசம் மழையில்ல, பூச்சியுமில்ல. பாதிக் கூடு கட்டிட்டு அப்படியே வுட்டுட்டுப் போயிட்ச்சுங்க. இந்த வருசம் ஆடியிலயே பேஞ்சிச்சு, பாரு எத்தினி கூடுன்னு!"

குஞ்சுகளின் கீச்சுச் சத்தம் எனக்குப் பசியாகவே கேட்டது. பாப்பாவுக்குக் கொண்டுவந்த பொரியை மரத்தடியில் தூவிவிட்டேன். எங்கிருந்தோ நாலு கோழிகள் ஓடிவந்தன.

"எங்க கோழிக்கு விருந்தா?" என்று அக்கா சிரித்தார்.

பைனாகுலரில் பார்த்தபோதுதான் புரிந்தது. தாய்க்குருவி கொண்டுவந்தது தானியமே இல்லை, பச்சை வெட்டுக்கிளி. அது கிணற்றோரக் கம்புக்குள் புகும், இரையோடு வரும், கூட்டுக்குள் போகும். ஒருமுறை உள்ளே போன வெட்டுக்கிளி அப்படியே அலகிலேயே வெளியே வந்தது. குஞ்சு வாங்கவில்லை போல. குருவி திணிக்கவில்லை, தானே தின்றுவிட்டு, அடுத்ததைத் தேடிப் பறந்தது.

அப்போது பார்த்து என் போனில் கஞ்சி அலாரம் அடித்தது. கிண்ணத்தை எடுத்தேன். பாப்பா வாயை மூடினாள். இந்த முறை நான் மூடி போட்டு வைத்துவிட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அக்கா தூக்குவாளியைத் திறந்து களி சாப்பிட உட்கார்ந்தார். பாப்பா என் மடியிலிருந்து எம்பி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, உப்பு போட்டிருக்கா? கை கழுவினீங்களா?"

"கழுவினேன்டீம்மா. உப்பில்லாத களி, கொழம்பு இன்னும் ஊத்தல" என்று சுண்டைக்காயளவு களியை மசித்து நீட்டினார். வாய் திறந்தது. மறுபடியும் திறந்தது. நான் கணவர் பக்கம் திரும்பவே இல்லை, அழுதுவிடுவேன்.

போக நினைப்பவர்களுக்கு: மழை பெய்த வருடமா என்று முதலில் விசாரியுங்கள். ஒன்பது மணிக்கு முன் போங்கள், தள்ளி நின்று பாருங்கள், கொல்லைக்காரரிடம் கேட்டுவிட்டு இறங்குங்கள். பொரி வேண்டாம்.

திங்கட்கிழமை எடை கொஞ்சம்தான் ஏறியிருந்தது. டாக்டர் போதும் என்றார். போனில் இருந்த ஆறு அலாரத்தில் ஐந்தை அழித்துவிட்டேன். மிச்சமிருக்கும் ஒன்று நான் சாப்பிடுவதற்கு.