சுண்டுவிரலால் திறக்கும் கதவு

மா ஒட்டாத விரல் ஸக்கியாவுக்கு ஒன்றே ஒன்றுதான். வலது கைச் சுண்டுவிரல். மற்ற விரல்கள் ரோல்ஸ் மாவுக்கு, இது கொம்பியூட்டருக்கு என்று பிரித்து வைத்திருக்கிறார். அந்த விரலைத் தனியே நீட்டிக்கொண்டு அவர் குசினியிலிருந்து வரும்போதே, பின்னறையில் விளையாடிக்கொண்டிருப்பவர்கள் கதிரையைத் தள்ளி வழி விடுகிறார்கள்.

வவுனியா பட்டாணிச்சூரில் வீட்டோடு சேர்ந்த கடை. முன்பக்கம் கணவர் ஹமீட் தொலைபேசியும் போட்டோக்கொப்பியும் பார்க்கிறார். பின்னறையில், வருகிறவர்கள் கேம் விளையாட மகன் அர்ஷாக் வைத்த மூன்று கொம்பியூட்டர்கள். நடுவில் ஸக்கியா ரோல்ஸ் பொரித்து விற்கும் அடுப்பு. நான் போட்டோக்கொப்பிக்காகப் போய், ரோல்ஸுக்காகத் தங்கி, இப்போது இவர் பூட்டுத் திறப்பதைப் பார்ப்பதற்காகவே போகிறவன்.

அங்கே எல்லோருக்கும் பிடித்தது ஒரே கேம்தான். துப்பாக்கியோடு ஒருவன் ஒரு பெரிய கட்டடத்துக்குள் நுழைகிறான். வழியெல்லாம் பூட்டிய இரும்புக் கதவுகள். கதவின் கொம்பியூட்டரை ஏமாற்றி நாலு இலக்க எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே இலக்கம் இரண்டு தடவை வராது. ஐந்து தரம் முயலலாம். இலக்கமும் இடமும் சரியென்றால் பச்சை விளக்கு, இலக்கம் சரி இடம் பிழை என்றால் மஞ்சள். எந்த இலக்கம் என்று சொல்லாது, எத்தனை என்று மட்டும் காட்டும். ஐந்தும் பிழைத்தால் சைரன் அடித்து, காவலாளிகள் வந்து ஆளை முடித்துவிடுவார்கள். பிறகு அந்தக் கட்டத்தை முதலிலிருந்து ஆட வேண்டும்.

தனியார் பஸ் கொண்டக்டர் ரஜிதன் கதவைக் கண்டதும் தன் பிறந்த ஆண்டைப் போடுவான். அடுத்தது மோட்டார் சைக்கிள் நம்பர். அதற்கடுத்தது யாருடைய நம்பரோ, கேட்டால் வெட்கப்படுவான். ஸக்கியா ஒருநாள் அவன் பின்னால் நின்று பார்த்துவிட்டு, "மெசினுக்கு உன்னைத் தெரியுமே தம்பி?" என்று கேட்டார். அறையே சிரித்தது. ரஜிதன் அன்று முழுதும் ரோல்ஸைக் கூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

அவருடைய வழி வேறு. எந்தக் கதவென்றாலும் முதலில் ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அடுத்தது ஐந்து, ஆறு, ஏழு, எட்டு. இரண்டிலும் எரிந்த விளக்குகளைக் கூட்டினால், மிச்சமிருக்கும் ஒன்பதும் பூச்சியமும் உள்ளே இருக்கின்றனவா என்று தெரிந்துவிடும். அதன்பிறகுதான் இடம் மாற்றி மாற்றிப் பார்ப்பார். "முதல் தரமே சரியாப் போடோணும் எண்டு ஆசைப்படக் கூடாது. இல்லாததைப் பிடி. இருக்கிறது தானா வெளியில வரும்" என்பது அவர் பாடம். ஒரு விளக்கும் எரியாவிட்டால் மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். இவர் முகம் மலர்ந்துவிடும். "இருட்டு நல்லது. ஒரேயடியா நாலும் போச்சு." நானும் அவரைப் பார்த்தே கற்றேன். அந்தப் பொறுமை மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. அவரைப் பார்க்கப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

கதவு திறந்ததும் விசைப்பலகையை விட்டு விலகிவிடுவார். ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. முல்லைத்தீவை விட்டு வந்த காலத்தில் கேட்ட வெடிச்சத்தம் ஆயுளுக்கும் காணுமாம். "சுடுறதை நீங்க பாருங்கோ. பூட்டை நான் பாக்கிறன்."

காலையில் ஆட்கள் வருமுன் தாயும் மகனும் தங்களுக்கென்று ஓர் ஆட்டம் வைத்திருந்தார்கள். அர்ஷாக் சுட்டுக்கொண்டு போவான், கதவு வந்தால் "உம்மா!" என்று கூப்பிடுவான். ஒரு வருடத்துக்கு மேலாக அப்படியே ஆடிக் கடைசிக் கட்டம்வரை வந்துவிட்டார்கள். அவன் ஒரே பிள்ளை. இந்த நேரத்தில்தான் அவனுக்குக் கட்டாருக்கு விசா வந்தது. போகுமுன் கேமை முடித்துவிட வேண்டும் என்று அவன் ஒற்றைக்காலில் நின்றான். முடிந்தால் பிறகு என்ன வரும் என்று ஸக்கியா கேட்டார். கேமைச் செய்தவர்களின் பெயர்கள் ஓடும், அவ்வளவுதான் என்றான் அவன். அதைக் கேட்டு அவர் மாவைத் தேவைக்கு மேல் பிசைந்ததை நான் பார்த்தேன்.

அவன் புறப்படுவதற்கு முதல்நாள், போன கிழமை, நானும் அங்கே இருந்தேன். அன்று மட்டும் ஆட்டம் பின்னேரம்வரை நீண்டது. அர்ஷாக் சுட்டு முடித்துக் கடைசிக் கதவின் முன்னால் நின்றான். கூப்பிட்டான். விரலை நீட்டிக்கொண்டு வந்தார்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு: இரண்டு மஞ்சள். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு: முழு இருட்டு. வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை. மூன்றாம் தரம் 9102 போட்டார், மூன்று பச்சை. நாலாம் தரம் 9302, இரண்டு பச்சை, ஒரு மஞ்சள். இனி ஒரே ஓர் எண்தான் மிச்சம். 9103. மந்தமான எனக்கே அது பளிச்சென்று தெரிந்துவிட்டது. கதவு திறந்ததுபோலத்தான். நான் கைதட்டத் தயாரானேன்.

சுண்டுவிரல் ஒன்பதை அழுத்தியது. ஒன்றை. பூச்சியத்தை. பிறகு மூன்றின் மேல் போய் நின்றது. அங்கே கொஞ்சம் நின்று, நகர்ந்து, ஏழை அழுத்தியது. இரண்டாம் தரமே இருட்டில் போன ஏழு.

சைரன் அடித்தது. காவலாளிகள் ஓடி வந்தார்கள். அர்ஷாக் சுடவில்லை. திரையைப் பார்க்கவுமில்லை, அந்த விரலையே பார்த்தான்.

"பிழைச்சுப் போச்சு மகன்" என்றார் ஸக்கியா.

"பரவாயில்லை உம்மா. நான் வந்த பிறகு முடிப்பம்" என்றான் அவன்.

அவர் தலையாட்டினார். சுண்டுவிரலில் மா இல்லை, எப்போதும்போலச் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் முக்காட்டின் நுனியை எடுத்து, ஏழு என்ற அந்த ஒரு விசையை மட்டும் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார்.